தென்னாப்பிரிக்க வெயிலில் கெமிக்கல் பீல்: மாநிறத் தோலுக்கு ஏற்ற பாதுகாப்பான முறை

முகத்தில் அமிலம் தடவித் தோலின் மேலடுக்கை உரியவைக்கும் கெமிக்கல் பீலைச் செய்துகொள்ள எண்ணுகிறவர்கள் முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். அமிலத்தின் பெயரையும் கட்டணத்தையும் பிறகு விசாரிக்கலாம். டர்பனில் கோடை மாதங்களின் நண்பகல் வேளையில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11-ஐத் தொடுவது வழக்கமான செய்தி. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுவே உச்ச நிலை. டிசம்பர் பள்ளி விடுமுறையும் கடற்கரையும், அதை அடுத்து வரும் தைப்பூசக் காவடியும் இந்த மாதங்களில்தான் விழுகின்றன. காவடி தூக்கி மணிக்கணக்கில் வெட்டவெளியில் நடக்கப்போகிற ஒருவர் அதற்கு முந்தைய ஆறு வாரங்களுக்குள் பீல் செய்துகொண்டால், நீங்க வேண்டிய கருமை முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பி வரலாம். கன்னத்தில் வேல் குத்திக்கொள்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். புதிதாக உரிந்த தோலில் காயம்பட்டால் தழும்பு நிற்கும். ஆகவே மே மாதத்தில் தொடங்கி ஆகஸ்டுக்குள் முடித்துக்கொள்வதே இந்த நாட்டில் நல்ல திட்டம். அப்போதும் வெயில் உண்டு என்றாலும், கதிர்க் குறியீடு கோடையின் அளவில் ஏறத்தாழப் பாதிக்கு இறங்கிவிடும்.

ஜோகன்னஸ்பர்க், லெனேஷியா பகுதிகளில் வாழ்வோர் மற்றொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலக் காற்றோ மிகவும் வறண்டது. வறண்டு வெடித்த தோலில் அமிலம் சீராக இறங்காமல் வெடிப்புகளில் ஆழமாக இறங்கும் என்பதால், அங்குள்ளவர்கள் ஈரப்பதக் களிம்பை இரண்டு மூன்று வாரம் விடாமல் தடவி, தோலின் மேற்பரப்பு சீரான பிறகே பீலுக்குச் செல்வது நல்லது.

பீல் தோலில் எப்படி வேலை செய்கிறது என்பது எளிமையானது. தோலின் மேலடுக்கில் இருக்கும் செத்த செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் பிணைப்பை அமிலம் தளர்த்துகிறது, அல்லது அந்த அடுக்கின் புரதத்தையே சிதைக்கிறது; அந்த அடுக்கு உரிந்து, கீழிருந்து புதிய செல்கள் மேலே வருகின்றன. மேலோட்டமான பீல் மேல்தோலோடு நின்றுவிடும். நடுத்தரப் பீல் அதற்குக் கீழுள்ள உள்தோலின் மேற்பகுதி வரை போகும். ஃபீனால் கொண்டு செய்யப்படும் ஆழமான பீல் இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது; ஆகவே இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவியோடு மருத்துவமனைச் சூழலில் மட்டுமே அது செய்யப்படுகிறது. நம் நிறத் தோலுக்கு ஆழமான பீல் வேண்டவே வேண்டாம் என்பதில் தோல் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நடுத்தரப் பீலையும் மிகுந்த தயக்கத்தோடுதான் அணுக வேண்டும்.

காரணம் இதுதான். 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுக்கத் தொடங்கி, பின்னர் ஆறு வகையாக விரிந்த தோல் வகைப்பாட்டில், தமிழர்களில் பெரும்பாலோர் நான்காவது, ஐந்தாவது வகைகளிலும் சிலர் ஆறாவது வகையிலும் அடங்குவார்கள். இந்தத் தோலில் நிறமிச் செல்கள் எளிதில் தூண்டப்படும். கொசுக்கடி, பரு, அடுப்புச் சூடு என்று தோல் எதனால் சினந்தாலும் அந்த இடத்தில் கறுப்பு படிந்து மாதக்கணக்கில் நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அமிலம் தரும் எரிச்சலும் அவ்வாறே. வெள்ளைத் தோலில் ஒரு வாரம் சிவந்து மறைந்துவிடும் அதே எரிச்சல், நம் முகத்தில் அரை வருடம் கறையாக நிற்கலாம். எனவே நமக்கான விதி ஒன்றே: வலுக் குறைந்த அமிலத்தைக் குறைந்த நேரம் வைத்து, இடைவெளி விட்டு, பல முறை செய்ய வேண்டும். ஒரே முறையில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

எதற்காகச் செய்கிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். பரு, பரு போன பிறகு நிற்கும் கரும்புள்ளிகள், முகத்தில் கருமை படரும் மங்கு (மெலாஸ்மா), வெயிலால் வந்த திட்டுகள், சொரசொரப்பு ஆகியவற்றுக்குப் பீல் பயன்படும். பிறவி நிறத்தை அது மாற்றாது, மாற்றவும் கூடாது. பெண் பார்க்க வருகிறார்கள், மகளின் முகத்தை வெளுக்க வைக்க முடியுமா என்று கேட்கும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை, முடியாது என்பதே. வெளுக்க வைக்கும் முயற்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. நிறமியை ஒடுக்கும் ஹைட்ரோகுவினோன் என்னும் ரசாயனம் கலந்த களிம்புகளை ஆண்டுக்கணக்கில் தடவியவர்களின் கன்னங்களில் நீலக்கறுப்பாகப் படிந்த ஆக்ரோனோசிஸ் என்னும் நோயை 1975-இல் இங்குள்ள தோல் மருத்துவர் ஃபின்ட்லேயும் உடன் ஆய்வாளர்களும் விவரித்தார்கள். 1990-இல் அழகுப் பொருட்களில் ஹைட்ரோகுவினோனைச் சேர்ப்பதைத் தென்னாப்பிரிக்கா தடை செய்தது. மருத்துவரின் சீட்டின் பேரில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பயன்படுத்தும் மருந்தாகவே இன்று அதற்கு இடமுண்டு. ஆனாலும் பெயர் தெரியாத டியூப்கள் கள்ளத்தனமாக விற்கப்படுகின்றன. அவற்றில் ஹைட்ரோகுவினோனோடு பாதரசமோ வீரியமான ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். அத்தகைய களிம்பை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் பீல் செய்பவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்துவிடும். மெலிந்த தோலில் சாதாரண வலுவுள்ள அமிலமும் புண்ணாக்கிவிடும்.

பின்கழுத்தும் அக்குளும் கறுத்து, தொட்டால் வெல்வெட் போலத் தடித்திருந்தால், அதற்குப் பீல் செய்யப் பணம் கொடுப்பதற்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது பெரும்பாலும் இந்தக் கருமை தோன்றுகிறது. சர்க்கரை நோய் இவ்வளவு மிகுந்த நம் சமூகத்தில் இதை அழகுக் குறையாக மட்டும் பார்ப்பது ஆபத்து. எடையும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தால் கழுத்தின் கருமையும் மெல்லக் குறையும்.

யார் செய்துகொள்ளக் கூடாது

முகத்தில் ஆறாத புண், உதட்டோரத்தில் ஹெர்பீஸ் கொப்புளம், சீழ் பிடித்த பரு, எக்ஸிமா ஆகியவை இருக்கும்போது பீல் கூடாது. அடிக்கடி உதட்டுக் கொப்புளம் வரும் வழக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால், மருத்துவர் தேவைக்கேற்ப வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவார். காயம்பட்ட இடத்தில் தழும்பு தடித்து வளரும் கெலாய்டு வாகு உள்ளவர்களும் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் சாலிசிலிக் அமிலப் பீலைத் தவிர்க்க வேண்டும், கர்ப்பிணிகளும் அவ்வாறே. பொதுவாகக் கர்ப்ப காலத்தில் வரும் மங்கு, பிரசவத்துக்குப் பின் தானாகவே ஓரளவு வெளிறுவதால் பொறுத்திருப்பதில் நட்டமில்லை. பருவுக்காக ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு நடுத்தரப் பீலும் ஆழமான பீலும் கூடாது. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் கழித்தே அவற்றைப் பற்றி யோசிக்கலாம் என்பது நெடுநாள் வழக்கம். மேலோட்டமான பீலை முன்னதாகச் செய்யலாமா என்பதை மாத்திரை எழுதிய மருத்துவரே தீர்மானிக்கட்டும்.

எந்த அமிலம், யார் கையால்

கரும்பிலிருந்து கிடைப்பதாகச் சொல்லப்படும் கிளைகாலிக் அமிலம் மூலக்கூறில் சிறியது. ஆகவே விரைவாக இறங்கும். 20 முதல் 70 சதவீதம் வரை அது பயன்படுத்தப்படுகிறது. நம் தோலில் 20 அல்லது 30 சதவீதத்தில் தொடங்குவதே முறை. மாண்டலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் அதைவிட மெதுவாக இறங்குவதால் எரிச்சல் குறைவு. முதல் முறை செய்துகொள்பவர்களுக்கும் எளிதில் சினக்கும் தோல் கொண்டவர்களுக்கும் என் முதல் தேர்வு இவைதான். எண்ணெய் வழியும் முகத்துக்கும் பருவுக்கும் 20 முதல் 30 சதவீதச் சாலிசிலிக் அமிலம் ஏற்றது, ஏனெனில் அது எண்ணெயில் கரைந்து துவாரங்களுக்குள் இறங்கும். சுருக்கமாக டிசிஏ என்று சொல்லப்படும் டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம் வேறு ரகம். 35 சதவீதத்தில் அது நடுத்தர ஆழம் வரை போய்விடும். தடவிய பிறகு அதை நடுநிலையாக்கி நிறுத்தவும் முடியாது. அனுபவமுள்ள தோல் மருத்துவரைத் தவிர வேறு யாரும் அதை உங்கள் முகத்தில் தொட அனுமதிக்காதீர்கள்.

தோல் மருத்துவர் என்று பலகை வைத்திருப்பவர் உண்மையில் அந்தத் துறையில் பதிவு பெற்றவர்தானா என்பதை, தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைக் கொடுத்து எவரும் பார்த்துக்கொள்ளலாம். சோமட்டாலஜி என்னும் தோல், அழகுப் பராமரிப்புப் படிப்பை முடித்த அழகுக்கலை வல்லுநர்கள் மேலோட்டமான, வலுக் குறைந்த பீல்களைத் திறமையாகச் செய்கிறார்கள். ஆனால் நோயைக் கண்டறிவது அவர்கள் வேலையன்று. கருமை எதனால் வந்தது என்று ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டிவிட்டு அவர்களிடம் செல்வது சரியான வரிசை. செல்லும் இடத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த அமிலம், எத்தனை சதவீதம், அதன் பி.எச். அளவு என்ன. ஒரே 30 சதவீதம் என்றாலும் பி.எச். குறையக் குறைய அமிலத்தின் கடுமை கூடும். புட்டியைக் காட்டத் தயங்குகிறவர்களிடம் முகத்தைக் கொடுக்கக் கூடாது. மாநிறத் தோலில் இதற்கு முன் செய்த அனுபவம் உண்டா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

இணையத்தில் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்வதைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில், உயர்ந்த வலுவுள்ள பீல்களைத் தக்க மேற்பார்வையின்றி வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரித்தது. வீட்டுப் பயன்பாட்டுக்கு, கிளைகாலிக், லாக்டிக் வகை அமிலங்கள் 10 சதவீதத்துக்கு மேற்படாமலும் பி.எச். 3.5-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது அழகுப் பொருள் ஆய்வாளர்கள் வகுத்த வரம்பு. சாலிசிலிக் என்றால் 2 சதவீதம் போதும். இவை மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன; வாரத்தில் இரண்டு இரவு தடவினால் மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் பலன் தரும். பலருக்கு இதுவே போதுமானது என்பது என் துணிந்த கருத்து.

முன்னேற்பாடு

பீலின் வெற்றி, அதற்கு முந்தைய நான்கு வாரங்களில்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது. நாள்தோறும் சன்ஸ்கிரீன் தடவும் பழக்கம் இந்த நான்கு வாரத்தில் உறுதிப்பட வேண்டும். இந்தப் பழக்கம் வராதவர்கள் பீலைத் தள்ளிப்போடுவதே நல்லது. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், ஆட்காட்டி விரலும் நடுவிரலும் முழு நீளத்துக்கு நிறையும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் எடுத்துக்கொண்டு, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் தடவ வேண்டும். மங்கு உள்ளவர்கள் அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீனை வாங்குங்கள். சாதாரண வெளிச்சமே மங்கைக் கறுப்பாக்கும். சாயமில்லாத சன்ஸ்கிரீன்கள் அதைச் சரியாகத் தடுப்பதில்லை.

இந்த வாரங்களில் மருத்துவர் ட்ரெட்டினோயின் போன்ற, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டுக் களிம்பையோ நிறமியை அடக்கும் களிம்பையோ எழுதித் தரலாம். ரெட்டினாய்டைப் பீலுக்கு ஒரு வாரம் முன்னதாக நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் அமிலம் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போகும். திரெடிங், வாக்சிங், ப்ளீச், ஸ்கிரப் எல்லாவற்றையும் அதே ஒரு வாரம் நிறுத்துங்கள். மாதந்தோறும் மேலுதட்டுக்குத் திரெடிங் செய்துகொள்ளும் வழக்கம் நம் பெண்களிடையே மிகுதி. மேலுதட்டில் பட்டையாகக் கருமை விழுவதற்கு, திரெடிங் செய்த மறுநாளே பீல் செய்துகொள்வது ஒரு காரணமாகலாம். ஆண்கள் பீல் நாளன்று காலையில் சவரம் செய்யக் கூடாது.

காதுக்குப் பின்னாலோ தாடையின் அடியிலோ ஒரு சிறு இடத்தில் அதே அமிலத்தை வைத்து இரண்டு வாரம் பார்த்துவிட்டு முகத்துக்குப் போவது சிறந்தது. இரண்டு நாள் போதாதா என்று கேட்கலாம். எரிச்சல் இரண்டு நாளில் தெரிந்துவிடும். நாம் அஞ்ச வேண்டிய கருமையோ இரண்டு வார வாக்கில்தான் தலைகாட்டத் தொடங்கும்.

செய்துகொள்ளும் நாள்

கண் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். முகத்தைக் கழுவிய பின் எண்ணெய்ப் பசை போக ஆல்கஹாலோ அசிட்டோனோ நனைத்த துணியால் துடைப்பார்கள். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டு ஓரம் ஆகிய இடங்களில் வாசலின் பூச வேண்டும். அமிலம் வழிந்து தேங்குவது அங்கேதான். அமிலத்தில் நனைத்த துணியோ பிரஷ்ஷோ சொட்டும் நிலையில் முகத்துக்கு வரக் கூடாது; புட்டி திறந்தபடி உங்கள் முகத்துக்கு மேலாகக் கைமாறவும் கூடாது. தடித்த தோலுள்ள நெற்றியில் தொடங்கி, கன்னம், மூக்கு, தாடை என்று வந்து, மெல்லிய தோலுள்ள மேலுதட்டில் கடைசியாகத் தடவுவது முறை.

கிளைகாலிக் என்றால் முதல் அமர்வில் ஒன்று அல்லது இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். சோடியம் பைகார்பனேட் கரைசலோ நிறையக் குளிர்ந்த நீரோ கொண்டு அதை நிறுத்துவார்கள். குறுகுறுப்பும் இலேசான எரிச்சலும் இயல்பு. பத்தில் ஐந்துக்கு மேல் எரிகிறது என்று தோன்றினால் உடனே சொல்லுங்கள். பல்லைக் கடித்துப் பொறுப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. வெள்ளைத் தோலில் சிவப்பைப் பார்த்து நிறுத்துவார்கள், நம் தோலில் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரியாது. பழுப்பு கூடியதாகவோ சற்று ஊதா சாயலாகவோதான் தெரியும். ஆகவே நேரத்தையும் நீங்கள் சொல்லும் எரிச்சலையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும். சாலிசிலிக் தடவியதும் முகத்தில் வெள்ளைப் பொடி படியும். அது காய்ந்த அமிலத்தின் படிகம்தான், அஞ்ச வேண்டியதில்லை. கிளைகாலிக்கில் எங்கேனும் சாம்பல் வெள்ளையாகத் திட்டு எழுந்தால், மேல்தோல் பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தை அக்கணமே நடுநிலையாக்க வேண்டும். சாலிசிலிக் பீலுக்குப் பிறகு காதில் இரைச்சலோ தலைச்சுற்றலோ வந்தால் அமிலம் இரத்தத்தில் ஏறியிருக்கலாம். மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரே நாளில் முகத்தோடு முதுகு, மார்பு என்று பெரும் பரப்பில் அதைத் தடவிக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

பின் வரும் நாட்கள்

முதல் நாள் முகம் இறுகினாற்போல் இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் வாயோரத்திலும் தாடையிலும் தோல் சுருங்கிப் பழுப்பாகி, மெல்லிய சருகாக உரியத் தொடங்கும்; ஐந்திலிருந்து ஏழு நாளில் முடிந்துவிடும். மிக மென்மையான பீலில் எதுவும் உரியாமலே போகலாம்; உரியவில்லை என்பதற்காகப் பலன் இல்லை என்று எண்ண வேண்டாம். தொங்கும் தோலை நகத்தால் கிள்ளி இழுப்பதுதான் இந்த வாரத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய கேடு. கீழ்த்தோல் இன்னும் பழுக்காத இடத்தில் இழுத்தால், இழுத்த வடிவத்திலேயே கருங்கோடு விழும். உறுத்தினால் நகவெட்டியின் சிறு கத்தரியால் தொங்கும் நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

வாசனையற்ற, நுரை வராத கிளென்சரால் வெதுவெதுப்பான நீரில் முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையற்ற ஈரப்பதக் களிம்பைப் பூசுங்கள். ரெட்டினாய்டு, வைட்டமின் சி, ஸ்கிரப் எல்லாம் தோல் முழுதாக ஆறும் வரை வேண்டாம். வீட்டு வைத்தியமாக மஞ்சள், எலுமிச்சை, கடலை மாவு, சந்தனம் எதையும் இந்த வாரத்தில் முகத்தில் போடக் கூடாது; திறந்திருக்கும் தோலில் அவை ஒவ்வாமையைத் தூண்டும். ஆகவே நலங்குக்கு மஞ்சள் பூசப்போகும் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே பீலை முடித்திருக்க வேண்டும். நீச்சல், ஜிம், நீராவி, சூடான அடுப்பு ஆகியவற்றையும் சில நாள் தவிர்க்க வேண்டும். சூடு மங்கைத் தூண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் காய்ச்ச விறகடுப்பின் முன் நிற்பவர்கள், குளிர்காலம்தானே என்று அந்த வாரத்தில் பீல் வைத்துக்கொள்ளாமல் முன்னோ பின்னோ தள்ளிவைக்கட்டும்.

வலி நாளுக்கு நாள் கூடினாலோ, தேன் நிறப் பொருக்கு படிந்தாலோ, கொத்தாகக் கொப்புளம் எழுந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் அமிலம் பட்டுத் தோல் வெந்துவிட்டால் குழாய்த் தண்ணீரைக் குறைந்தது 20 நிமிடம் ஓடவிட்டுக் கழுவுங்கள். சமையல் சோடாவை அள்ளிப் பூச வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே அவசரப் பிரிவுக்குச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் கருமை படர்வது தெரிந்தால், அதை இன்னொரு பீலால் அகற்றச் சொல்லாதீர்கள். தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டினால் களிம்புகளாலும் சன்ஸ்கிரீனாலும் பெரும்பாலும் சில மாதங்களில் வெளிறிவிடும்.

அடுத்த அமர்வு இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்து. நம் தோலுக்கு நான்கு வாரமே எனக்குச் சரியாகப் படுகிறது. மே முதல் வாரத்தில் தொடங்கினால் ஆகஸ்டுக்குள் நான்கு அமர்வுகள் நிதானமாக முடியும். ஒவ்வொரு அமர்வுக்கு முன்னும் ஒரே ஜன்னலருகில், ஒரே வேளையில், மேக்கப் இல்லாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடி நாள்தோறும் ஏமாற்றும். முந்தைய அமர்வில் சிக்கல் எதுவும் இல்லையென்றால் மட்டுமே நேரத்தையோ சதவீதத்தையோ கூட்டலாம், இரண்டையும் ஒருசேரக் கூட்டக் கூடாது. மூன்று அமர்வு முடிந்தும் படத்தில் மாற்றம் தெரியாவிட்டால், கருமை உள்தோல் வரை இறங்கிய மங்காக இருக்கலாம், பழைய களிம்பு விட்டுச்சென்ற ஆக்ரோனோசிஸாகவும் இருக்கலாம்; வலுவைக் கூட்டச் சொல்லாமல் தோல் மருத்துவரிடம் திரும்பிப் போய் என்ன நோய் என்பதை முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.